எல்லா பிளாட்டும் ஒரே மாதிரி இருக்கு... எங்க வீட்டுக்குன்னு ஒரு ஸ்டைல எப்படி கண்டுபிடிக்கிறது?

மொட்டைமாடி:
மேடவாக்கத்துல 2 பெட்ரூம் பிளாட், 870 சதுர அடி, சாவி கைக்கு வந்து மூணு வாரம் ஆகுது. இன்டீரியர் பண்றவங்க மூணு பேர்கிட்ட கொட்டேஷன் கேட்டோம், மூணு பேரும் காட்டின 3டி படம் அப்படியே ஒரே வீடு, கிரே சுவரு, டிவிக்குப் பின்னாடி கோடு கோடா பேனல், ஃபால்ஸ் சீலிங்ல நீளக் கோடு மாதிரி ப்ரொஃபைல் லைட்டு. நானும் போன்ல நானூறு படம் சேவ் பண்ணி வெச்சிருக்கேன், நேத்து உக்காந்து பாத்தா பாதி வெள்ளையும் பீஜும், மீதி செட்டிநாட்டு தூணு. எனக்கு நிஜமா எது பிடிக்கும்னே தெரியல. முன்னாடி இருந்த வாடகை வீட்ல ஓனர்கிட்ட கேட்டு ஹால் முழுக்க டார்க் கிரே அடிச்சோம், அப்போ அதான் எல்லாரும் பண்ணாங்க. மத்தியானம் மூணு மணிக்கே லைட்டு போடணும், அம்மா வந்தா "இருட்டா இருக்குடி"ன்னு சொல்லிட்டு பால்கனில போய் உக்காந்துடுவாங்க. அது இன்னும் மனசுல உறுத்திட்டே இருக்கு. இந்தத் தடவை அப்படி ஆகக்கூடாது, சொல்லுங்க மக்களே.

இழைப்புளி:
சகோதரி, கோயம்புத்தூர்ல மரவேலை காண்ட்ராக்ட், 18 வருஷமா பண்றேன். இப்போதைக்கு கிச்சனும் அலமாரியும் மட்டும் முடிங்க, சிங்க்குக்கு அடில மட்டும் தண்ணி பட்டாலும் தாங்குற 710 கிரேடு பிளைவுட் கேட்டு வாங்குங்க, ஹால தொடாதீங்க. ரெண்டு மாசம் பிளாஸ்டிக் சேர் போட்டு இருந்து பாருங்க, வெயில் எந்த ஜன்னல்ல எத்தன மணிக்கு வருது, அம்மா கீரை ஆய எங்க உக்காருறாங்க, வந்தவுடனே பைய எங்க போடுறீங்க, இதெல்லாம் தெரிஞ்சப்புறம் வேலை சொன்னா எங்களுக்கும் சுலபம். பெயின்ட்டுக்கு முன்னாடி பல்பு மாத்திப் பாருங்க, 6500 கெல்வின் வெள்ளை லைட்ல ஒரு மாதிரியும் 3000 கெல்வின் மஞ்சள் லைட்ல வேற மாதிரியும் தெரியும் அதே சுவரு. அந்தக் கோடு பேனல் வேணாம்னு நான் சொல்லல, ஆனா ஒவ்வொரு கோட்டுக்குள்ளயும் தூசி போய் உக்காரும், தொடைக்கப்போறது நீங்கதான். ஃபால்ஸ் சீலிங்கும் அரை அடி உயரத்த தின்னுடும், சின்ன ஹால்ல அது நல்லாவே தெரியும்.

கொல்லைப்புறம்:
அக்கா, படத்த விட்டுடுங்க, நீங்க போய் நிம்மதியா இருந்த வீடு எதுன்னு யோசிங்க. எனக்கு தேவகோட்டைல அம்மாச்சி வீடு. ரொம்ப நாளா எனக்கு அந்த தூணும் முற்றமும்தான் பிடிச்சிருக்குன்னு நெனச்சிட்டு இருந்தேன், நல்லா யோசிச்சா மே மாசத்துல ரெட் ஆக்சைடு தரைல வெறும் முதுகோட படுத்துக் கெடந்ததுதான் ஞாபகம் வருது, சில்லுன்னு இருக்கும். அப்போ எனக்கு வேண்டியது தரைதான். சோபா வாங்கல, ஹால்ல பத்தமடைப் பாயி, பவானி ஜமக்காளம், ரெண்டு திண்டு. மாமியாருக்கு முட்டி வலி, அதனால ஒரே ஒரு தேக்கு பெஞ்சு. வர்றவங்க சோபா எங்கன்னு கேப்பாங்க, கேக்கட்டும், அஞ்சு நிமிஷத்துல அவங்களும் கீழ உக்காந்து கால நீட்டிடுறாங்க.

காரைக்குடிக்காரன்:
செட்டிநாட்டு தூணுன்னு பாத்ததும் வந்தேன். எங்க ஊர் முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடைங்க இருக்கு, தூணு கதவு எல்லாம் கிடைக்கும், ஆனா அதுல நெறைய ஏதோ ஒரு வீட்ட இடிச்சு வந்தது, எனக்கு அத பாக்கவே கஷ்டமா இருக்கும். உங்களுக்கு அதோட ஒரு ஒட்டுதல் இருந்தா வாங்குங்க, படத்துல நல்லா இருக்குன்னு வாங்கினா அதுவும் அந்த கிரே சுவரு மாதிரிதான். ஆத்தங்குடி தரைக்கல்லு ஆசை இருந்தா ஒரு விஷயம், அது சூளைல சுட்டது இல்ல, கண்ணாடி மேல கலர் சிமெண்ட ஊத்தி, பின்னாடி மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணில ஊற வெச்சு எடுக்குறது. ஆசிட் பட்டா போச்சு. நடக்க நடக்கத்தான் பளபளப்பு ஏறும். இருக்குற டைல்ஸ் மேலயே ஒட்டினா தரை ஒசந்து கதவெல்லாம் இழைக்க வேண்டி வரும், பூஜை ரூம் அளவுக்கு போடலாம்.

மொட்டைமாடி:
கொல்லைப்புறம், நேத்து நைட்டு அம்மாகூட உக்காந்து பேசினேன். திருநெல்வேலில தாத்தா வீட்டு ஜன்னல் திட்டு, ஸ்கூல் விட்டு வந்தா அதுலதான் கால மடக்கி புத்தகம் படிப்பேன்னு அம்மா சொன்னாங்க. திரும்ப அந்த நானூறு படத்த பாத்தா பீஜோ தூணோ, முக்கால்வாசில ஜன்னலோரம் உக்கார ஒரு எடம் இருக்கு! நான் கவனிக்கவே இல்ல. டிவி பேனல் வேணாம்னு சொல்லிட்டோம். இழைப்புளி அண்ணா, ஹால்ல அஞ்சடி ஜன்னல் இருக்கு, அதுக்குக் கீழ ஒரு திட்டு பண்ண முடியுமா?

இழைப்புளி:
தாராளமா பண்ணலாம். உயரம் மெத்தையோட சேத்து 18 இன்ச், அகலம் 18 போதும், கால மடக்கி உக்காரணும்னா 22 வெச்சுக்கோங்க. உள்ள டிராயர் போட்டா போர்வை வெக்கலாம். சின்னப் பிள்ளைங்க ஏறி நிப்பாங்க, அதனால ஜன்னல் கிரில் வெளிய அசையாம இருக்கான்னு முதல்ல பாருங்க, மழைச்சாரல் உள்ள வருமான்னும் பாத்துட்டு அளவு அனுப்புங்க.