புதுப்பிப்பு: குச்சிந்தா கசப்பதும் மாவு அடியில் தங்குவதும்

பிலிப்பைன்ஸில் கரிந்தெரியா எனப்படும் குடும்பச் சாப்பாட்டுக் கடைகளில் விற்கும், அச்சில் ஊற்றி ஆவியில் வேகவைக்கும் இனிப்புப் பலகாரமான குச்சிந்தாவின் செய்முறையை முன்பு எழுதியிருந்தோம். கசக்கிறது, மாவு அடியில் தங்குகிறது என்று இரண்டு கேள்விகள் வந்தன.

கசப்புக்குக் காரணம் 'லிஹியா' என்ற காரநீர் (lye water, அமிலத்துக்கு எதிரான காரம் கலந்த நீர்). 1 கப் மைதா, 1 கப் பழுப்புச் சர்க்கரை, 2 கப் தண்ணீருக்கு அரைத் தேக்கரண்டி போதும். கூடினால் சோப்பு வாடை. சேர்க்காமல் விட்டுவிட்டால் களியாகக் குழையும், பல்லில் இழுபடும் பதம் வராது. சமையலுக்கென்று விற்பதை மட்டும் வாங்குங்கள், வெறுங்கையில் படவிடாதீர்கள். மைதாவில் பாதியை மரவள்ளி மாவாக மாற்றினால் இழுவை கூடும். நம் ஓட்டு அதற்குத்தான்.

மாவு தங்குவது இயல்பு. ஒவ்வொரு அச்சில் ஊற்றும்போதும் கலக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் ஈடு தளர்ந்தும் கடைசி ஈடு ரப்பராகவும் வரும். முக்கால் அச்சு ஊற்றி, மூடியில் துணி கட்டி, மிதமான ஆவியில் 35–40 நிமிடம். நடுவில் குழி விழுகிறதே என்று கேட்டவருக்கு: விழத்தான் வேண்டும். சூட்டோடு எடுத்தால் பிய்ந்துவிடும், நன்றாக ஆறட்டும். தேங்காய்த் துருவலைப் பரிமாறும்போது மட்டும் தூவுங்கள். முன்கூட்டியே தூவினால் அதுதான் முதலில் ஊசிப்போகும்.