அறுவடைக் காலத்தில் குழுவாக ஓட்டியபோது: வைக்கோலும் வளைந்த ஹேங்கரும்

காவிரிப் படுகையில் மேடே இல்லை, அதனால் இங்கே ரோடு சைக்கிள் ஓட்டுவது எளிது என்று வெளியூர் நண்பர்கள் நினைக்கிறார்கள். ஆடி மாதத்தில் தஞ்சாவூரிலிருந்து திருக்காட்டுப்பள்ளி வழியாகக் கல்லணைக்கு மேற்கு நோக்கி ஓட்டிப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் எதிர்க்காற்று வரும் என்பது முன்பே தெரிந்ததுதான். முறை வைத்து ஒருவர் மாற்றி ஒருவர் முன்னே சென்றால் அதைச் சமாளித்துவிடலாம். எங்கள் குழுவை அதிகம் சோதித்தது தை மாசி மாதங்களில் சாலையில் கிடக்கும் வைக்கோல்.

சம்பா அறுவடை முடியும் தறுவாயில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திருவையாற்றிலிருந்து கும்பகோணம் செல்லும் சாலையில் கணபதி அக்ரகாரத்தைத் தாண்டி வரிசையாகப் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் சென்றவர் வைக்கோலைப் பார்த்து விலகிவிட்டார். காற்று மறைப்புக்காக அவருடைய சக்கரத்தை ஒட்டியே வந்த நண்பருக்கு எதுவும் தெரியவில்லை. ஒரு கொத்து வைக்கோல் செயினோடு சேர்ந்து, பின்சக்கரத்தருகே கியர் மாற்றும் அமைப்பான டீரெயிலரின் கீழ்ச் சிறுசக்கரத்துக்குள் போனது. சரசரவென்று சத்தம் கேட்டதும் அவர் மிதிப்பதை நிறுத்திவிட்டார். இன்னும் இரண்டு மிதி மிதித்திருந்தால் டீரெயிலர் ஆரக்கம்பிகளுக்குள் இழுபட்டிருக்கும்.

பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, மிதிகட்டையை மெல்லப் பின்னோக்கிச் சுற்றியபடி வைக்கோலை இழை இழையாக எடுத்தோம். பற்சக்கரத் தொகுப்புக்கும் ஆரங்களுக்கும் நடுவே கயிறு போல முறுக்கிக்கொண்டிருந்த கடைசிச் சுற்றைப் பேனாக்கத்தியால் அறுக்க வேண்டியிருந்தது. டீரெயிலரைத் தாங்கும் ஹேங்கர் உட்புறமாக வளைந்திருந்தது. சட்டத்துக்குச் சேதம் வராமல் தானே முதலில் வளைய வேண்டும் என்றுதான் அதை மென்மையான அலுமினியத்தில் செய்கிறார்கள்.

சற்றுத் தள்ளி ஒரு சைக்கிள் கடை இருந்தது. கியர் வைத்த வண்டி அங்கு அதிகம் வருவதில்லை என்று கடைக்காரப் பெரியவர் சொன்னார். ஆனால் கோட்டம் எடுப்பதில் அவருக்கு இருந்த கண் வேறு யாருக்கும் வராது. டீரெயிலரைப் பிடித்திருக்கும் போல்ட்டில் ஐந்து மில்லிமீட்டர் ஆலன் சாவியைச் செருகி நாங்கள் மெதுவாக நெம்ப, அவர் சக்கரத்தின் பின்னால் குந்தி உட்கார்ந்து ஒற்றைக் கண்ணால் பார்த்து, "இன்னும் ஒரு நூல் வெளியே வரணும் தம்பி" என்று சொல்லிச் சொல்லி நேராக்கினார். சிறிய இரண்டு பற்சக்கரங்களைத் தவிர மற்றவற்றில் செயின் ஒழுங்காக ஏறியது. காசு வாங்க மறுத்துவிட்டார்.

அதன் பிறகு ஒவ்வொருவரும் தம் வண்டிக்கு உரிய மாற்று ஹேங்கரைச் சீட்டுக்கடியில் உள்ள பையில் வைத்திருக்கிறோம். மாடலுக்கு மாடல் அதன் வடிவம் மாறுவதால் ஒருவருடையது மற்றவருக்குப் பொருந்தாது. செயினை வெட்டும் கருவியும் ஓர் இணைப்புக் கண்ணியும் உடன் இருந்தால், ஹேங்கர் உடைந்தாலும் டீரெயிலரைக் கழற்றிவிட்டுச் செயினைக் குறுக்கி ஒற்றைக் கியரில் வீடு வந்து சேரலாம். இந்த மாதங்களில் ஈரப்பசையுள்ள எண்ணெயை நான் செயினுக்குப் போடுவதில்லை. நெல் சுணையும் தூசும் அதில் அப்பிக்கொண்டு கண்ணிகளைத் தேய்த்துவிடும். மெழுகு வகையே நல்லது.

குழுவில் இப்போது முன்னவர் "வைக்கோல்!" என்று குரல் கொடுத்ததும் பின்னால் வருபவர்கள் இரண்டு வண்டி நீளம் இடைவெளி விடுகிறார்கள். சாலையில் நெல் காய்ந்துகொண்டிருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டே கடக்கிறோம். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்கத் தயங்குவார்கள். களம் இல்லாத ஊரில் விவசாயிகளுக்குத் தார்ச்சாலைதான் களம். நம் டயர் ஏறி நொறுங்குவது அவர்களுடைய விளைச்சல். பங்குனியில் உளுந்துச் செடிகளைப் பரப்பும்போது மட்டும், உதிர்ந்த பருப்பு காலடியிலேயே உருள்வதால், அந்தச் சாலையையே விட்டுவிட்டு ஆற்றின் மறுகரை வழியாகச் சுற்றிப் போகிறோம்.