அரசியல் விஞ்ஞானம் படித்தவர்கள் வழிகாட்டுங்கள்

வணக்கம் அண்ணாமார், அக்காமார். பொகவந்தலாவையிலிருந்து எழுதுகிறேன். தங்கைக்குப் பேராதனைக் கலைப்பீடம் கிடைத்திருக்கிறது. அரசியல் விஞ்ஞானத்தில் விசேட பட்டம் செய்ய ஆசைப்படுகிறாள். அறவியலுக்காக மெய்யியலும் எடுக்க நினைக்கிறாள். “இதைப் படித்து என்ன வேலை கிடைக்கும்?” என்று லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) எல்லோரும் கேட்கிறார்கள்.

இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களான நம்மவர்களை நாடற்றவர்களாக்கியது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அந்தச் சிக்கல் இழுபட்டது. அப்பாச்சியின் பிரஜாவுரிமைச் சான்றிதழை அம்மா இன்றும் பிளாஸ்டிக் உறைக்குள், சேலைகளுக்கு அடியில் பத்திரமாக வைத்திருக்கிறார். சட்டங்கள் எப்படிப் பிறக்கின்றன என்பதை நம் பிள்ளைகள் கட்டாயம் படிக்க வேண்டும்.

முதலாம் ஆண்டில் இரண்டு பாடங்களையும் சேர்த்து எடுக்கலாமா? தமிழ் மொழிமூலக் குறிப்புகள், பழைய நூல்கள் யாரிடமாவது இருக்கின்றனவா? இதைப் படித்து நிர்வாக சேவைப் பரீட்சை எழுதியவர்கள் இருந்தால், தயவுசெய்து அவளுடன் ஒரு தடவை பேசுங்கள்.