புதுப்பிப்பு: மலையில் மரதன் பயிற்சி, இந்த வாரம்

அட்டன் பக்கம் சம தரையே கிடையாது, கொழும்பில் 42.195 கிலோமீற்றர் ஓட எப்படித் தயாராவது என்று முன்பு கேட்டிருந்தேன். நீண்ட ஓட்டத்தை நுவரெலியா கிரகரி வாவிக்கு மாற்றச் சொன்னவர்களுக்கு முதலில் நன்றி. ஞாயிறு விடியற்காலை பஸ் பிடித்துப் போனேன். ஏற்றமே இல்லாத பாதை, ஒரே வேகத்தில் ஓட முடிந்தது. நுவரெலியா 1868 மீற்றர் உயரம் என்பதால் மூச்சு சீக்கிரம் வாங்கியது, ஆனாலும் கால் இலேசாக இருந்தது.

மற்ற நாட்களில் தேயிலைத் தோட்டத்து ரோட்டுதான். தார் பெயர்ந்து கல் துருத்திக்கொண்டிருக்கும் இறக்கம். கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்ற ஒரு அக்கா, "தம்பி, பாய்ஞ்சு இறங்காத, சின்னச் சின்ன அடியா வை" என்றார். கூடை சுமந்து இறங்கிய அனுபவம் அது! இறங்கும்போது தொடைத் தசை நீண்டபடியே பாரம் தாங்குகிறது, அதனால்தான் மறுநாளும் அதற்கடுத்த நாளும் வலி கூடுகிறது. அவர் சொன்னபடி ஓடிய பிறகு வலி நன்றாகக் குறைந்துவிட்டது.

அப்புறம் கொழும்பு வெக்கை. உடம்பு சூட்டுக்குப் பழக 10 முதல் 14 நாள் வேண்டும் என்பதால், போட்டிக்கு இரண்டு வாரம் முன்பே அங்கே வெள்ளவத்தையில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போகிறேன்.

ஓட்டத்துக்கு நடுவில் ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சீனித் தூள்) குடித்துப் பழகியவர்கள் இருந்தால், எந்த இடைவெளியில் குடித்தீர்கள் என்று சொல்லுங்கள். அடுத்த நீண்ட ஓட்டத்தில் பார்த்துவிடுகிறேன்.