புதுப்பிப்பு: இருட்டும் நேரத்தில் ரிலே படபடத்த பிரச்சினை தீர்ந்தது

இருட்டினால் விளக்கு தானாக எரிய எல்டிஆர் (வெளிச்சத்தை உணரும் சென்சார்) மாட்யூல் வைத்தேன், அந்தி நேரத்தில் மட்டும் ரிலே (விளக்கை இயக்கும் மின்சுவிட்ச்) டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருக்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். மாட்யூலில் இருக்கும் நீல நிறத் திருகைத் திருப்பிப் பார்க்கச் சொன்னீர்கள். திருப்பினேன். விளக்கு எரியும் நேரம்தான் மாறியது, படபடப்பு போகவில்லை.

அப்புறம் இருட்டா இல்லையா என்று மட்டும் சொல்லும் டிஜிட்டல் பின்னை விட்டுவிட்டு, வெளிச்சத்தின் அளவைச் சொல்லும் அனலாக் பின்னை ஆர்டுயினோவில் (நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகை) இணைத்து, எண்களைத் திரையில் பார்த்தேன். என் மாட்யூலில் வெளிச்சம் கூடினால் எண் குறையும். (இது தலைகீழாகத் தோன்றும், முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.) 700 வந்ததும் விளக்கு எரிந்தது, அடுத்த நொடியே எண் 420. விளக்கின் வெளிச்சமே சென்சார் மேல் விழுகிறது! விடிந்துவிட்டது என்று நினைத்து அது அணைக்கிறது, உடனே மறுபடி இருட்டு.

சென்சாருக்குக் கருப்புக் குழாய் ஒன்றை மாட்டி, விளக்குக்கு எதிர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். இப்போது விளக்கு எரிந்தாலும் 640க்குக் கீழே போவதில்லை. ஆர்டுயினோ நிரலில் 700க்கு மேல் போனால் எரி, 500க்குக் கீழே வந்தால் அணை என்று இரண்டு எல்லைகள். வண்டி வெளிச்சம் பட்டு அணையாமலிருக்க, 30 நொடி தொடர்ந்து 500க்குக் கீழே இருந்தால்தான் அணைக்கச் சொல்லியிருக்கிறேன்.

குழாய் இல்லாமல் இரண்டு எல்லைகள் மட்டும் வைத்தால் போதாது, 420 என்பது 500க்கும் கீழே. நான்கு நாளாக அந்தியில் ஒரே ஒரு 'டக்' மட்டும்தான்.