கந்தோரில் இருந்து இருந்து நாரி நோவு: எந்தப் பயிற்சி?

கேள்வி (கல்முனை)
மட்டக்களப்புக் கந்தோரில் கணினி வேலை. போகவர பஸ்ஸிலயும் இருப்புத்தான். பின்னேரமானா நாரி இறுகி, கதிரையால எழும்ப ஏலாது. நோ காலுக்கு இறங்கல்ல. காலமை எழும்பினதும் குனிந்து கால்விரலைத் தொடுற பயிற்சி செய்றன், நோ கூடுதே தவிரக் குறையுதில்ல. வேற என்ன செய்யலாம்?

மறுமொழி 1
குனியிறதை முதல்ல நிப்பாட்டுங்க. இரவு படுக்கையில முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையில இருக்கிற தட்டுகள் நீர் உறிஞ்சி ஊதியிருக்கும். எழும்பி முதல் ஒரு மணித்தியாலம் குனிஞ்சா அதுகளில அழுத்தம் கூட. பகல் முழுக்கக் கதிரையில கூனி இருந்திட்டு, காலமையும் அதே பக்கம் வளைக்கிறதில என்ன லாபம்?

பாயில குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி இரண்டு நிமிடம் இருங்க. பிறகு உள்ளங்கையை ஊன்றி நெஞ்சை உயர்த்துங்க, 10 தரம். இடுப்பு பாயிலயே கிடக்கவேணும், புட்டத்தை இறுக்கக்கூடாது. நோ நடுநாரிக்கு ஒதுங்கினா நல்லது. தொடைக்கு இறங்கினா உடனே விடுங்க.

மறுமொழி 2
அந்தக் குப்புறப் படுக்கிற பயிற்சி நோவைத் தணிக்கும். திரும்ப வராம இருக்கத் தசைக்குத் தாங்குதிறன் வேணும். தவழுற மாதிரி நின்று வலக்கையையும் இடக்காலையும் நீட்டி 10 செக்கன் பிடிங்க, பிறகு பக்கம் மாத்துங்க. பக்கத்துக்கு 6 தரம், இளைப்பாறி 4, பிறகு 2. பிழை விடுறது காலை உயரத் தூக்கிறதிலதான்: நாரி உள்வளையும். குதிக்காலைப் பின்சுவர்ப் பக்கம் தள்ளினாக் காணும். நாரியில மடிச்ச துவாயை வைங்க, விழுந்தா இடுப்பு சரியுது.

தொடையின் முன்பக்கம் இழுக்க, ஒரு முழங்காலில நின்று அந்தப் பக்கப் புட்டத்தை இறுக்கி 30 செக்கன். இறுக்காம முன்னுக்குச் சாஞ்சா நாரிதான் வளையும்.

மறுமொழி 3
கால்மணிப் பயிற்சியால எட்டு மணி இருப்பை ஈடுகட்ட ஏலாது. அரை மணிக்கொருக்கா எழும்பி நடங்க. பாதம் நிலத்தில படாட்டி காலுக்குக் கீழ பலகை வைங்க. பஸ்ஸில துவாயைச் சுருட்டி நாரிக்குப் பின்னால குடுங்க. கல்லடிக் கடற்கரையில நடக்கிறதெண்டா சரிவை விட்டு மட்டமான இடத்தில நடங்க.

சலம் போக ஏலாம, மறைவிடம் உணர்ச்சியில்லாம மரத்து, அல்லது பாதம் தூக்க ஏலாம வந்தாப் பயிற்சி வேணாம். அண்டைக்கே ஆஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்க.

கேட்டவர்
நாரிப்பட்டி கட்டிக்கொண்டு வேலை செய்யலாமா?

மறுமொழி 2
கதிரையில இருக்கிறதுக்குப் பட்டி தேவையில்ல. அந்தக் காசுக்கு ஒரு நல்ல பாய் வாங்குங்க.