கை முடங்கிய பிறகு மறுக்கப்பட்ட விபத்துக் காப்பீடு: எல்லையின் எந்தப் பக்கம் முறையிடுவது?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை வாசகி

அனைவருக்கும் வணக்கம். என் கணவர் கஞ்சிக்கோட்டில் உள்ள ஒரு பட்டறையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக லேத் டர்னராக வேலை பார்த்தவர். 2024 ஜூலையில், கோயம்புத்தூரில் டூல் பிட் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, வேலந்தாவளத்துக்குச் சற்று முன்பாக மழையில் வண்டி சறுக்கி, வலது கை வண்டிக்கு அடியில் சிக்கிக்கொண்டது. மணிக்கட்டு எலும்போடு நரம்பும் சேதமாகி, இரண்டு அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகும் விரல்கள் மடங்கவில்லை. சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். மைக்ரோமீட்டரின் திருகைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் உணர்ந்து நிறுத்துவதே தொழிலாக இருந்தவருக்கு, இன்று கையில் ஒரு நாணயத்தை வைத்தால் அது இருப்பதே தெரியவில்லை.

பத்து லட்ச ரூபாய்க்கு ஒரு தனிநபர் விபத்துக் காப்பீடு இருந்தது. கோயம்புத்தூர்க் கிளையில் எடுத்தது. வாரம் 5,000 ரூபாய் வீதம் 31 வாரங்கள் கொடுத்துவிட்டு நிறுத்திவிட்டார்கள். 2025 பிப்ரவரியில் மருத்துவக் குழு 45 சதவீத ஊனச் சான்றிதழ் கொடுத்தது. அதை வைத்து முழு நிரந்தர முடக்கத்துக்கு விண்ணப்பித்தோம். மார்ச்சில் மறுப்புக் கடிதம் வந்தது. அவர் 'வேலையைத் தொடங்கலாம்' என்று சிகிச்சை செய்த மருத்துவரே எழுதியிருப்பதாகவும், மேற்பார்வை போன்ற பணிகளைச் செய்ய இயலும் என்றும் அதில் இருக்கிறது. ஏஜென்ட்டிடம் கேட்டால், "பொறுங்கள், பேசிக்கொண்டிருக்கிறேன்" என்று எட்டு மாதங்களாகச் சொல்லி வருகிறார். இதற்கிடையில் ஒருவர், கிடைக்கும் தொகையில் 30 சதவீதம் தந்தால் வாங்கித் தருவதாக வீட்டுக்கே வந்துவிட்டார். நாங்கள் குடியிருப்பது கேரளத்தில், பாலிசியும் விபத்தும் தமிழ்நாட்டில். யாரிடம் போவது?

பதில் 1: சித்தூர் (பாலக்காடு மாவட்டம்), ஓய்வுபெற்ற காப்பீட்டு அலுவலர்

அம்மா, முதலில் அந்த முப்பது சதவீதக்காரரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதும் வழக்கறிஞர்களுக்கே பார் கவுன்சில் விதிகளால் தடை செய்யப்பட்டவை. வக்கீலும் அல்லாத ஒருவருக்கு மூன்று லட்ச ரூபாய் கொடுக்க வேண்டிய அவசியம் என்ன?

அடுத்து, ஏஜென்ட்டிடம் எட்டு மாதம் பேசியது கணக்கில் சேராது. நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்து மூலமாக முறையிட்டு, அவர் மறுத்தாலோ, ஒரு மாதம் வரை பதிலே வராவிட்டாலோதான் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம், அதாவது ஆம்புட்ஸ்மேனிடம் போக முடியும். அதற்குப் பிறகு உங்களுக்கு ஓர் ஆண்டு அவகாசம் உண்டு. ஆகவே இந்த வாரமே ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் போய்ச் சேர வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா புகார் தளத்திலும் பதிந்துகொள்ளுங்கள். 155255 என்ற எண்ணில் அழைத்தும் பதியலாம்.

அந்தக் கடிதத்தில் என்ன எழுத வேண்டும் என்பதுதான் முக்கியம். பெரும்பாலானவர்கள் குடும்பக் கஷ்டத்தை நான்கு பக்கம் எழுதி, மறுப்புக்குச் சொல்லப்பட்ட காரணத்தைத் தொடாமலே விட்டுவிடுகிறார்கள். உங்கள் பாலிசியில் 'முழு நிரந்தர முடக்கம்' என்பதற்கு என்ன விளக்கம் இருக்கிறது என்று பாருங்கள். பழைய விபத்துப் பாலிசிகளில், எந்த வகையான வேலையிலும் தொழிலிலும் ஈடுபடவே முடியாத நிலை என்று இருக்கும். அவர் செய்துவந்த லேத் வேலையைச் செய்ய முடியாது என்பது மட்டும் அதற்குப் போதாது. இந்த இடத்தில் நிறுவனத்தின் வாதத்துக்குச் சற்று வலு இருக்கிறது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

ஆனால் அதே பாலிசியில், சில பத்திகள் தள்ளி, ஓர் அட்டவணை இருக்கும். கட்டை விரல் முழுதாகப் போனால் 25 சதவீதம், ஆள்காட்டி விரலுக்கு 10 என்று போகும் அந்த அட்டவணையை ஒட்டி, ஒரு கை துண்டிக்கப்படாமலே அதன் பயன்பாடு முழுமையாகவும் நிரந்தரமாகவும் இழக்கப்பட்டால் காப்பீட்டுத் தொகையில் 50 சதவீதம் என்ற வரி பெரும்பாலும் இருக்கும். நீங்கள் முழு முடக்கத்துக்கு மட்டும் விண்ணப்பித்ததால், அவர்கள் அதை மட்டும் பார்த்து மறுத்துவிட்டார்கள். பாதித் தொகைக்கான கேள்வியை யாரும் எழுப்பவே இல்லை. கடிதத்தில் முதலில் முழுத் தொகையைக் கேளுங்கள். அது பொருந்தாது என்றால் கையின் பயன்பாட்டு இழப்புக்கான ஐந்து லட்சத்தையாவது தர வேண்டும் என்று மாற்றுக் கோரிக்கையாகச் சேருங்கள். விபத்து நடந்த 12 மாதங்களுக்குள் முடக்கம் நிரந்தரமாகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வழக்கமாக இருக்கும். உங்கள் சான்றிதழ் ஏழாம் மாதத்திலேயே வந்துவிட்டதால் அதில் சிக்கல் இல்லை. வழக்கமான நூறு வார வரம்பில் மீதமுள்ள 69 வாரங்களின் தொகையைப் பெரிதாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். வாராந்திரத் தொகை தற்காலிக முடக்கத்துக்கானது. கை நிரந்தரமாகப் போய்விட்டது என்று ஒரு பத்தியிலும், தற்காலிகம் என்று அடுத்த பத்தியிலும் எழுதினால், அந்த முரண்பாட்டையே அவர்கள் பிடித்துக்கொள்வார்கள்.

பதில் 2: வாளையார் வாசகர்

45 சதவீதச் சான்றிதழ் இருக்கும்போது 4,50,000 ரூபாய் கொடுத்துத்தானே ஆக வேண்டும்? வேலை செய்யும் திறனில் எவ்வளவு இழப்பு என்பதைப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2010-இல் சொல்லியிருக்கிறதே.

பதில் 3: பாலக்காடு, வழக்கறிஞர் குமாஸ்தா

வாளையார் நண்பர் சொல்லும் ராஜ்குமார் – அஜய்குமார் தீர்ப்பு, மோட்டார் விபத்துத் தீர்ப்பாயங்களில் இழப்பீட்டைக் கணக்கிடுவது பற்றியது. அங்கே அடுத்தவர் வண்டி மோதியதற்கு நட்ட ஈடு கேட்கிறோம். இங்கே பிரீமியம் கட்டி வாங்கிய ஒப்பந்தத்தின் வாசகத்தைக் கேட்கிறோம். ஊனச் சான்றிதழின் சதவீதம் அரசுச் சலுகைகளுக்கான அளவு. பாலிசி அட்டவணை தனக்கென ஓர் அளவு வைத்திருக்கிறது. சான்றிதழில் உள்ள 45 என்ற எண்ணை மட்டும் காட்டினால் அட்டவணையின் 50 கைநழுவிப் போகலாம். ஆகவே எலும்பு முறிவு மருத்துவரிடம், 'வலது கையின் பயன்பாடு முழுமையாகவும் நிரந்தரமாகவும் இழக்கப்பட்டுள்ளது' என்று, அது உண்மையாக இருக்கும் பட்சத்தில், பாலிசியின் சொற்களிலேயே தனிச் சான்று கேளுங்கள். நரம்புச் சோதனை அறிக்கையையும் இணையுங்கள்.

எந்தப் பக்கம் என்ற கேள்விக்கு வருகிறேன். நிறுவனத்தின் கிளை இருக்கும் இடம், உங்கள் வசிப்பிடம் என்ற இரண்டில் எதை வைத்தும் ஆம்புட்ஸ்மேனிடம் முறையிடலாம். கேரளத்துக்கு கொச்சி அலுவலகம், தமிழ்நாட்டுக்குச் சென்னை அலுவலகம். 50 லட்ச ரூபாய் வரையிலான கோரிக்கைகளை ஏற்பார்கள். கட்டணம் இல்லை, வக்கீலுக்கு அனுமதியும் இல்லை. காணொலி மூலம் விசாரிக்க 2021 முதல் இடம் உண்டு என்பதால் தூரம் பெரிய தடையல்ல. உங்கள் கணவர் எந்த மொழியில் தயங்காமல் பேசுவாரோ அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அங்கே கிடைக்கும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும்.

அதில் திருப்தி இல்லையென்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. மறுப்புக் கிடைத்ததிலிருந்து இரண்டு ஆண்டு, அதாவது உங்களுக்கு 2027 மார்ச் வரை. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பதால் பாலக்காடும் சரி, கிளை இருக்கும் கோயம்புத்தூரும் சரி. கட்டிய பிரீமியம் ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணமே கிடையாது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருக்கும்போது அதே விஷயத்தை ஆம்புட்ஸ்மேன் எடுக்கமாட்டார். எனவே அந்த வரிசையை மாற்றாதீர்கள்.

வக்கீல் தேவைப்பட்டால், பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. சித்தூர் தாலுக்கா சட்டப்பணிக் குழுவை அணுகுங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள். மறுப்புக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். அதில் சொல்லாத புதுக் காரணத்தை நிறுவனம் பிறகு கிளப்ப முடியாது என்று சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில் 2019-இல் தீர்ப்பாகியிருக்கிறது.

விபத்துக்கான ஆதாரம் என்ன இருக்கிறது? வேலந்தாவளத்துக்கு அந்தப் பக்கம் என்றால் தமிழ்நாட்டுக் காவல் நிலையத்தில் புகாரைப் பெற்றதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதும் மருத்துவமனையின் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) நகலும் வேண்டும். நம் பக்கத்து வழக்கத்தில் ஜி.டி. என்ட்ரி (காவல் நிலையப் பொது நாட்குறிப்புப் பதிவு) கேட்டுக் கேரளக் காவல் நிலையத்தில் அலைந்து நாளை வீணாக்கிய இரண்டு பேரை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி கேட்டவர், ஒன்பது நாட்களுக்குப் பிறகு

பதில் எழுதிய மூவருக்கும் நன்றி. சி.எஸ்.ஆர். ரசீது முதல் தவணைக்கே கொடுத்திருந்தோம், நகல் இருக்கிறது. பாலிசியைத் தேடி எடுத்து அக்ஷயா மையத்தில் (கேரள அரசின் இ-சேவை மையம்) இருக்கும் தம்பியிடம் படித்துச் சொல்லச் சொன்னேன். ஐயா சொன்ன 50 சதவீத வரி ஆறாம் பக்கத்தில் அப்படியே இருக்கிறது. அதைவிட இன்னொன்று. மருத்துவமனையிலிருந்து கேஸ் ஷீட்டின் முழு நகலையும் வாங்கினேன். மருத்துவர் எழுதியிருப்பது 'இடது கையால் லேசான வேலைகளைத் தொடங்கலாம்' என்று. மறுப்புக் கடிதத்தில் 'இடது கையால்' என்பதும் 'லேசான' என்பதும் இல்லை. 'வேலையைத் தொடங்கலாம்' மட்டும்தான் இருக்கிறது.

பதில் 1 எழுதியவர்

அம்மா, அந்தப் பக்கத்தில் மருத்துவமனை முத்திரை வாங்கிவிடுங்கள். இரண்டு வாக்கியங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, கடிதத்தின் முதல் பத்தியாக அதையே வையுங்கள். மாற்றுக் கோரிக்கை இரண்டாவது பத்தியில் வரட்டும். அனுப்பிய நாளையும் ஸ்பீட் போஸ்ட் எண்ணையும் குறித்துக்கொண்டு, ஒரு மாதம் முடிந்த மறுநாள் இங்கே எழுதுங்கள். ஆம்புட்ஸ்மேன் படிவத்தை நிரப்புவதைச் சேர்ந்து பார்த்துவிடலாம்.